சர்வீஸ் டாக்கா, இஎஸ்ஏவா? பேனிக் அட்டாக் உள்ளவருக்கு எது பொருந்தும் (அமெரிக்கா)

எடிசன்வாசி

வணக்கம். கேட்பது இன்னொருவருக்காக. 24 வயது, எஃப்-1 விசா மாணவி, நியூ ஜெர்சியில் வாடகை அபார்ட்மென்ட். பேனிக் டிஸார்டர் (திடீரெனப் பெரும் பதற்றம் தாக்கும் கோளாறு) என்று மருத்துவர் உறுதி செய்து மருந்தும் தெரபியும் நடக்கின்றன. நாய் வைத்துக்கொண்டால் உதவும் என்று தெரபிஸ்டே சொல்லிவிட்டார். ஆனால் லீஸில் "நோ பெட்ஸ்".

இணையத்தில் தேடினால் சான்றிதழ், அடையாள அட்டை, சிவப்பு வெஸ்ட் எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜாக விற்கிறார்கள். இஎஸ்ஏ (மன ஆறுதலுக்கான துணை விலங்கு) போதுமா, சர்வீஸ் டாக்தான் (வேலைக்குப் பயிற்சி பெற்ற உதவி நாய்) வேண்டுமா? சிட்டிசன் இல்லாதவருக்கு இந்த உரிமை உண்டா? சென்னைக்கு அழைத்துப் போக முடியுமா?

---

சட்டப்பிரிவு

முதலில் அந்த பேக்கேஜை மறந்துவிடுங்கள். சர்வீஸ் டாக்குக்கோ இஎஸ்ஏவுக்கோ மத்திய அரசின் பதிவேடு என்று ஒன்று கிடையாது. இணையத்தில் விற்கும் அட்டைக்குச் சட்டத்தில் மதிப்பு பூஜ்யம். அதைக் காட்டினால், விவரம் தெரிந்த வீட்டுக்காரருக்குச் சந்தேகம்தான் கூடும்.

விசா பற்றி: இந்தச் சட்டங்கள் பேசுவது மாற்றுத்திறன் உள்ளவரைப் பற்றி, குடியுரிமையைப் பற்றி அல்ல. எஃப்-1, எச்-1பி, கிரீன் கார்டு எல்லோருக்கும் ஒன்றுதான்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஒரே நாயை மூன்று சட்டங்கள் மூன்று விதமாகப் பார்க்கின்றன.

கடை, உணவகம், மருத்துவமனை, ஹோட்டல், ஊபர், வகுப்பறை: இங்கெல்லாம் 1990-இன் ஏடிஏ சட்டம் (அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம்). அதன் திருத்திய விதிகள் 2011 மார்ச் 15 முதல் நடைமுறையில் உள்ளன. அதன்படி சர்வீஸ் விலங்கு என்றால் நாய் மட்டுமே (குட்டைக் குதிரைக்குத் தனி விதி ஒன்று உண்டு, அதை விடுங்கள்). அந்த நாய் உடையவரின் குறைபாட்டோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு வேலையைச் செய்யப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். "பக்கத்தில் இருந்தாலே மனசுக்குத் தெம்பு" என்பது வேலைக் கணக்கில் சேராது. விதியிலேயே அப்படி எழுதியிருக்கிறது.

வீடு: ஃபேர் ஹவுசிங் சட்டம். இங்கே சர்வீஸ் டாக்கும் வரும், இஎஸ்ஏவும் வரும். பூனையும் வரலாம். "நோ பெட்ஸ்", எடை வரம்பு, இன வரம்பு எதுவும் தடையில்லை. பெட் டெபாசிட், மாதாந்திர பெட் ரென்ட் வாங்கக் கூடாது. கதவைப் பிராண்டினால், கார்ப்பெட்டைக் கெடுத்தால் அந்தச் சேதத்துக்கு மட்டும் பணம் கேட்கலாம். உரிமையாளரே குடியிருக்கும், நான்கு வீடுகளுக்கு மேல் இல்லாத கட்டடம் போன்ற சில விலக்குகள் உண்டு. நம்மவர்கள் வீட்டு மாடியில் ஒரு போர்ஷன் வாடகைக்கு எடுப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

விமானம்: ஏர் கேரியர் ஆக்சஸ் சட்டம். 2021 ஜனவரி 11 முதல் இஎஸ்ஏவை ஏற்கும் கட்டாயம் விமான நிறுவனங்களுக்கு இல்லை. அது சாதாரணச் செல்லப்பிராணிதான், கட்டணமும் அப்படியே. மனநலக் குறைபாட்டுக்காகப் பயிற்சி பெற்ற சர்வீஸ் டாக் மட்டும் பார்வையற்றோர் வழிகாட்டி நாய்க்குச் சமமாக நடத்தப்படும்.

ஆகவே அந்த மாணவிக்குச் சிக்கல் வீட்டு லீஸ் மட்டும்தான் என்றால் இஎஸ்ஏ கடிதமே போதும். வகுப்பிலும் ரயிலிலும் கடையிலும் நாய் கூடவே வர வேண்டும் என்றால் அது வேறு கதை.

---

பயிற்சிக்களம்

சட்டப்பிரிவு சொன்னது சரி. நான் நாய்ப் பக்கமிருந்து சேர்க்கிறேன்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: அட்டாக் வரும்போது அந்த நாய் *என்ன செய்ய வேண்டும்?* ஒரு வினைச்சொல்லோடு பதில் சொல்ல முடியவில்லை என்றால் உங்களுக்குத் தேவை இஎஸ்ஏ. பேனிக்குக்குப் பொதுவாகப் பழக்கும் வேலைகள் இவை: கால் ஆடத் தொடங்கியதும் மூக்கால் இடித்துக் கவனத்தைத் திருப்புவது, மடிமேல் ஏறி அழுத்தம் கொடுப்பது, மருந்துப் பையை எடுத்து வருவது, "வெளியே" என்றால் வாசலுக்கு இழுத்துச் செல்வது, வரிசையில் பின்னால் நின்று மற்றவர் நெருங்காமல் இடைவெளி விடுவது.

அழுத்தம் கொடுக்கும் வேலையை எப்படிப் பழக்குவது என்று சொன்னால் இதிலுள்ள உழைப்பு புரியும்.

சோபாவில் உட்கார்ந்து, தீனியைக் காட்டி முன்னங்கால் இரண்டையும் மடியின் குறுக்கே வைக்கச் செய்யவும். ஒரு விநாடி நின்றாலே கிளிக்கர் (அழுத்தினால் 'டிக்' ஒலி தரும் பயிற்சிக் கருவி), தீனி. பிறகு நெஞ்சும் தலையும் கீழே படிந்தால்தான் தீனி. 5 விநாடி, 10, 30 என்று ஏற்றி மூன்று நிமிடம் வரை கொண்டு போகவும். தீனியை மெதுவாக வாயருகே வையுங்கள், குதூகலமாகப் பாராட்டாதீர்கள். நாய் துள்ள ஆரம்பித்தால் அழுத்தம் போச்சு. இறங்க ஒரு தனிச் சொல் வேண்டும். அதன்பின் நாற்காலி, தரை, பூங்கா பெஞ்ச், நூலகம் என்று இடத்தை மாற்றவும். சோபாவில் கற்றதை நாய் தானாகப் பெஞ்சுக்குப் பொருத்திக்கொள்ளாது.

கடைசிப் படிதான் கஷ்டம். சொல் கட்டளையிலிருந்து உடல் அறிகுறிக்கு மாற்ற வேண்டும். அமைதியாக இருக்கும் நேரத்தில் அறிகுறியை நடித்துக் காட்டுங்கள் (கையால் முகத்தை மூடுவது, வேகமாக மூச்சு விடுவது). அறிகுறி முதலில், உடனே பழைய கட்டளை, பிறகு தீனி. சில வாரத்தில் கட்டளைக்கு முன்பே நாய் ஏறும். உண்மையான அட்டாக்கில் வைத்துப் பயிற்சியைத் தொடங்காதீர்கள். நாய் பயந்துபோய், அறிகுறியைக் கண்டாலே விலகி ஓடக் கற்றுக்கொள்ளும்.

இன்னொரு வழக்கமான கோளாறு: மூக்கால் இடித்தால் தீனி என்று மட்டும் நாய் புரிந்துகொண்டு நாள் முழுக்க இடித்துக்கொண்டே இருக்கும். அறிகுறி இல்லாத இடிக்குப் பார்வைகூடக் கொடுக்கக் கூடாது.

இதெல்லாம் வேலை மட்டும்தான். பொது இடப் பழக்கம் தனி. உதவி நாய் வைத்திருப்பவர்களின் சர்வதேச அமைப்பான ஐஏஏடிபியின் குறைந்தபட்ச அளவு: ஆறு மாதத்தில் 120 மணி நேரப் பயிற்சி, அதில் 30 மணி நேரமாவது வெளியிடங்களில். சட்டம் இதைக் கேட்பதில்லை, ஆனாலும் இதற்குக் குறைவாகப் பழகிய நாய் கடையில் தாக்குப்பிடிப்பது அரிது. என் கணக்கில் குட்டியிலிருந்து தொடங்கினால் ஒன்றரை முதல் இரண்டு வருடம். பயிற்சி முடிந்த நாயை வாங்குவதென்றால் 15,000 முதல் 30,000 டாலர், அதற்கு மேலும் போகும்.

---

மாடசாமி_ஆஸ்டின்

எதுக்குங்க இவ்வளவு கஷ்டம்? வீட்டு நாய்க்கு ஒரு வெஸ்ட் மாட்டினா யாரும் கேக்கறதில்ல. கடைக்காரன் சான்றிதழ் கேக்கவே கூடாதுன்னு சட்டமே சொல்லுது. இங்க பாதிப் பேர் அப்படித்தான் கூட்டிட்டு வராங்க.

---

சட்டப்பிரிவு

> வெஸ்ட் மாட்டினா யாரும் கேக்கறதில்ல

நீங்கள் இருக்கும் டெக்சஸிலேயே 2023 முதல் அதற்கு 1000 டாலர் வரை அபராதம், 30 மணி நேரச் சமூகப் பணி. கலிஃபோர்னியாவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1000 டாலர் வரை அபராதம், இரண்டுமேகூட விதிக்கலாம். ஃப்ளோரிடாவிலும் அது குற்றம். விமானத்துக்கான படிவம் மத்திய அரசின் ஆவணம், அதில் பொய் சொல்வது மத்தியக் குற்றம். மாணவி விசாவில் இருப்பவருக்கு இதையெல்லாம் யோசனையாகச் சொல்லாதீர்கள்.

---

பயிற்சிக்களம்

அபராதத்தை விடுங்க மாடசாமி. பழகாத ஒரு நாய் கடையில் பாய்ந்தால், நிஜமான வழிகாட்டி நாய் அதற்குப் பிறகு நாய்களைக் கண்டாலே பதறும். ஒரே பாய்ச்சலில் இரண்டு வருடப் பயிற்சி வீண். பார்வையற்ற ஒருவர் வேறு நாய்க்காக மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

---

தோசைக்கல்

நான் கேட்கிறது எதிர்ப்பக்கத்துக் கேள்வி. உணவகம் நடத்துபவர் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது? மதியம் பஃபே நேரம். ஒருத்தர் நாயோடு வருவார், பக்கத்து டேபிளில் அலர்ஜி என்பார்கள், இன்னொரு அம்மா நாய் இருந்தால் சாப்பிட மாட்டேன் என்பார். ஹெல்த் இன்ஸ்பெக்டர் பயம் வேறு.

---

சட்டப்பிரிவு

இரண்டே கேள்விகள். "இது உங்கள் குறைபாட்டுக்குத் தேவையான சர்வீஸ் விலங்கா?" "என்ன வேலை செய்யப் பயிற்சி பெற்றிருக்கிறது?" அதுவும் பார்த்த மாத்திரத்தில் தெரியாதபோது மட்டும். வழிகாட்டி நாயைப் பிடித்து வரும் பார்வையற்றவரிடம் இதைக்கூடக் கேட்கக் கூடாது. என்ன நோய், கடிதம் எங்கே, செய்து காட்டு என்பதெல்லாம் கூடவே கூடாது.

இரண்டாவது கேள்விக்கு "ஆறுதலுக்கு" என்றோ "இஎஸ்ஏ" என்றோ பதில் வந்தால் நீங்கள் மறுக்கலாம். "பதற்றம் வரும்போது இடித்து எச்சரிக்கும்" என்றால் உட்கார வையுங்கள்.

அலர்ஜியும் பயமும் மறுப்பதற்குக் காரணம் ஆகாது. இருவரையும் தள்ளித் தள்ளி உட்கார வைக்கலாம், ஆனால் நாய்க்காரரை மட்டும் மூலைக்குத் தள்ளக் கூடாது. பஃபே வரிசையிலும் நாய் வரலாம். நாற்காலியில் ஏறக் கூடாது, தட்டிலிருந்து ஊட்டக் கூடாது என்று நீங்கள் சொல்லலாம். சமையற்கட்டுக்கு வாடிக்கையாளரே வரப்போவதில்லை, ஆகவே அந்தக் கவலை வேண்டாம். உள்ளூர்ச் சுகாதார விதி நாயைத் தடுத்தாலும் மத்திய விதிதான் செல்லும்.

வெளியேற்றச் சொல்லக் காரணம் இரண்டு: நாய் கட்டுக்கடங்காமல் இருக்கிறது, உடையவர் அடக்கவும் இல்லை, அல்லது உள்ளே அசுத்தம் செய்கிறது. ஒரே ஒரு குரைப்புக்கு வெளியே அனுப்பாதீர்கள். அனுப்பினாலும் "நாயை விட்டுவிட்டு நீங்கள் வாருங்கள், பார்சலும் தருகிறோம்" என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டு கேள்விகளையும் கல்லா அருகே ஒட்டி வைத்து ஊழியருக்குச் சொல்லிக்கொடுங்கள். சிக்கல் பெரும்பாலும் வாசலில் நிற்கும் புதிய பையனால்தான் வருகிறது.

பலர் அறியாதது ஒன்று: மத அமைப்புகளுக்கு ஏடிஏவின் இந்தப் பகுதி பொருந்தாது. அமெரிக்காவிலுள்ள நம் கோயில்கள் சர்வீஸ் டாக்கையும் மறுக்கலாம். பிரகாரம் வரையாவது விடுவார்களா என்று முன்கூட்டியே அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்பதுதான் வழி.

---

எடிசன்வாசி

மிக்க நன்றி. கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? லீஸ் ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டது. அடுத்த வருடம் பல்கலைக்கழக விடுதிக்கு மாறும் எண்ணமும் இருக்கிறது.

---

சட்டப்பிரிவு

லீஸ் கையெழுத்தான பிறகும் கேட்கலாம். ஆனால் நாயை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுக் கேட்பது சண்டைக்கு வழி.

கடிதம் அவருடைய தெரபிஸ்டிடமிருந்தே வரட்டும். லெட்டர்ஹெட், உரிம எண், மாநிலம், தேதி, கையெழுத்து. உள்ளே மூன்று விஷயம்: இவர் என் சிகிச்சையில் இருக்கிறார், அன்றாட வாழ்வின் முக்கியச் செயல் ஒன்றைக் கணிசமாக முடக்கும் குறைபாடு இவருக்கு உண்டு, இந்த விலங்கு அதன் இன்ன அறிகுறியைத் தணிக்க உதவும். நோயின் பெயர் வேண்டியதில்லை. பலர் எழுதி வாங்கும் கடிதம் மூன்றாவதில்தான் தோற்கிறது. "நாய் இருந்தால் மகிழ்ச்சியாக இருப்பார்" என்று எழுதினால் வீட்டுக்காரரின் வக்கீல் தூக்கிப் போட்டுவிடுவார். "இரவில் தனியே இருக்கும்போது வரும் அட்டாக்கைக் குறைக்கிறது" என்பது போல இருக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் 2022 முதல், நாய்க்கான கடிதம் எழுதுபவருக்கும் நோயாளிக்கும் குறைந்தது 30 நாள் பழக்கம் இருக்க வேண்டும். மற்ற மாநிலங்களிலும் பத்து நிமிட வீடியோ அழைப்பில் கிடைக்கும் கடிதம் கேள்விக்கு உள்ளாகும்.

கோரிக்கையை மின்னஞ்சலில் அனுப்புங்கள், "ரீசனபிள் அகாமடேஷன்" (குறைபாட்டுக்காக விதியில் செய்யும் நியாயமான தளர்வு) என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள், கடிதத்தை இணையுங்கள். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். ஹட் துறையில் (மத்திய அரசின் வீட்டு வசதித் துறை) புகார் செய்ய ஒரு வருடம் அவகாசம். நியூ ஜெர்சி சிவில் உரிமைப் பிரிவில் 180 நாள்தான்.

விடுதி: நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் கியர்னி வளாக வழக்கில் 2013-இல் மத்திய நீதிமன்றம் மாணவர் குடியிருப்புக்கும் ஃபேர் ஹவுசிங் சட்டம் பொருந்தும் என்றது. ஆகவே அறைக்கு இஎஸ்ஏ வரலாம். வகுப்பறைக்கும் நூலகத்துக்கும் வராது. மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்தில் விடுதி ஒதுக்கீட்டுக்கு முன்பே விண்ணப்பியுங்கள், கடைசி நேரத்தில் ரூம்மேட்டின் அலர்ஜி வந்து நிற்கும்.

---

ரொறன்ரோ_கிளி

அமெரிக்கக் கதைதான் எண்டாலும், கனடாவுக்கு மாறி வாற ஆக்கள் இதை வாசிப்பினம் எண்டு எழுதுறன். ஒன்ராறியோவில விசயம் வேற. வாடகை ஒப்பந்தத்தில "நோ பெட்ஸ்" எண்டு எழுதினாலும் அந்த வரி செல்லாது, வாடகைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. காண்டோவின்ர (தனித்தனி ஆக்களுக்குச் சொந்தமான வீடுகள் உள்ள அடுக்குமாடி) சொந்த விதி தடுத்தால் மட்டும் பிரச்சினை. அதால வாடகை வீட்டுக்கு எண்டு காசு குடுத்து இஎஸ்ஏ கடிதம் எடுக்கிறது அநேகமாத் தேவையில்லை.

கடையளில ஏடிஏ மாதிரி இரண்டு கேள்வி முறை இல்லை. வெஸ்ட் மாதிரிப் பார்த்தவுடன தெரியிற அடையாளம் இருக்கோணும், இல்லையெண்டால் பதிவுபெற்ற வைத்தியரோ தாதியோ மனநல நிபுணரோ தந்த கடிதம் இருக்கோணும். இங்க கடிதத்தைக் கேக்கலாம். அமெரிக்காவில படிச்சதை வைச்சு இங்க கடைக்காரரோட வாதாடாதேங்கோ அண்ணை.

---

குமரன்_சியாட்டில்

இஎஸ்ஏவா நாயை எடுத்து, பிறகு மெல்ல சர்வீஸ் டாக்காகப் பழக்கலாமா? ரெண்டும் கிடைக்குமே.

---

பயிற்சிக்களம்

சட்டம் தடுக்காது. உடையவரே பழக்கலாம், கம்பெனி வழியாகத்தான் என்றில்லை. ஆனால் பயிற்சியில் இருக்கும் நாய்க்கு ஏடிஏ பாதுகாப்பு இல்லை, மாநிலச் சட்டம் பார்த்துதான் கடைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

நாய்தான் தடை. இதற்கென்றே இனப்பெருக்கம் செய்து வளர்க்கும் பெரிய நிறுவனங்களிலேயே கணிசமான குட்டிகள் பாதியில் கழிக்கப்படும். எதிர்பார்ப்பில்லாமல் தத்தெடுத்த நாய் தேறும் வாய்ப்பு அதைவிடக் குறைவு. எடுக்கும்போதே சிலவற்றைப் பாருங்கள். பின்னால் ஒரு பாத்திரத்தைப் போட்டால் திடுக்கிடலாம், ஆனால் சில விநாடியில் மீண்டு வந்து முகர வேண்டும். அந்நியரிடம் ஒட்டிக்கொள்ளவும் வேண்டாம், ஒதுங்கவும் வேண்டாம். மற்ற நாயைக் கண்டு இறுகிப்போகிறதா? அப்படியானால் விட்டுவிடுங்கள்.

உடையவரின் பதற்றத்தைக் கண்டு நாயும் நடுங்கினால் "எப்படி உணர்கிறது பாருங்கள்" என்று பலர் மெய்சிலிர்ப்பார்கள். அது தகுதி இல்லை, கோளாறு. அப்படிப்பட்ட நாய் ஒரு வருடத்தில் தளர்ந்துவிடும்.

இந்த மாணவிக்கு என் யோசனை: 2 முதல் 4 வயதுள்ள, குணம் தெரிந்த நாயை இஎஸ்ஏவாக எடுக்கட்டும். வழிகாட்டி நாய் நிறுவனங்கள் வேலைக்குத் தேறாத நாய்களைத் தத்துக் கொடுக்கும், அந்தப் பட்டியலில் பெயர் கொடுக்கலாம், காத்திருப்பு நீளம். குட்டி வேண்டவே வேண்டாம். ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை குட்டி படுத்தும் பாட்டில் பேனிக் இல்லாதவருக்கே தூக்கம் போகும்.

சர்வீஸ் டாக் வேறு ஒரு விதத்திலும் இவருக்கு இடிக்கலாம். கூட்டத்தில் கவனம் ஈர்க்கப்பட்டாலே பதறுபவர் என்றால், பல்பொருள் அங்காடியில் நாயோடு நுழைந்ததும் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், நாலு பேர் தடவ வருவார்கள், மேலாளர் கேள்வி கேட்பார். இதைத் தெரபிஸ்டிடம் பேசாமல் முடிவெடுக்காதீர்கள்.

---

கால்நடை_டாக்டர்

செலவும் பயணமும் பற்றி நான்.

வேலை நாயாக்கும் எண்ணம் இருந்தால் முதலில் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே. விலங்குகளின் மூட்டு நலத்தைச் சான்றளிக்கும் ஓஎஃப்ஏ அமைப்பின் இறுதிச் சான்று 24 மாதத்துக்குப் பிறகுதான், பென்ஹிப் என்ற இடுப்பு எக்ஸ்ரே முறையில் 16 வாரத்திலேயே பார்க்கலாம். மூட்டு சரியில்லாத நாயை மடிமேல் ஏற்றிப் பழக்குவது கொடுமை. எஸ்கலேட்டரில் ஏற்றாதீர்கள், படிகளின் இடுக்கில் விரல் மாட்டும், லிஃப்ட்தான்.

சென்னைப் பயணம். இஎஸ்ஏ என்றால் விமான நிறுவனத்தின் பெட் விதி, பெரிய நாய் பெரும்பாலும் கார்கோ. சர்வீஸ் டாக் என்றால் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் படிவம் ஒன்று, எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்குக் கழிவு பற்றிய உறுதிமொழிப் படிவம் இன்னொன்று. 48 மணி நேரம் முன்பே கேட்கலாம். நாய் உங்கள் கால்மாட்டு இடத்துக்குள் அடங்க வேண்டும். தோஹாவிலோ துபாயிலோ மாறி ஏறினால் அடுத்த விமானத்துக்கு இந்த அமெரிக்க விதி கைகொடுக்காது, அந்த நிறுவனத்திடம் தனியே எழுதி வாங்க வேண்டும்.

இந்தியா உள்ளே விட, விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். சென்னையில் நிலையம் உண்டு. இஎஸ்ஏ கடிதத்துக்கு அங்கே எந்த இடமும் இல்லை.

எல்லோரும் கோட்டை விடுவது திரும்பி வரும்போது. ரேபிஸ் அபாயம் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் சிடிசி (அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்) இந்தியாவை வைத்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 முதல், அமெரிக்காவில் ஊசி போட்ட நாய் என்றால் அதற்கான சான்றுப் படிவத்தை *புறப்படுவதற்கு முன்பே* யுஎஸ்டிஏ (அமெரிக்க வேளாண் துறை) அங்கீகாரம் பெற்ற மருத்துவர் நிரப்பி, யுஎஸ்டிஏ ஒப்புதலும் வாங்கியிருக்க வேண்டும். மைக்ரோசிப் முதலில், ரேபிஸ் ஊசி அதற்குப் பிறகு. வரிசை மாறியிருந்தால் ஊசியை மறுபடி போட வேண்டும். நாய்க்கு ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும். சர்வீஸ் டாக்குக்கும் விலக்கு இல்லை. படிவம் இல்லாமல் கிளம்பிவிட்டால் சென்னையில் இருந்துகொண்டு அதை வாங்க முடியாது. ரத்தப் பரிசோதனை, குறிப்பிட்ட விமான நிலையத்தில் முன்பதிவு என்று மாதக்கணக்கில் இழுக்கும்.

மூன்று வார விடுமுறைக்கு நாயை அழைத்துப் போகாதீர்கள் என்பதே என் கருத்து. நம்பகமான ஒருவரிடம் விட்டுச் செல்லலாம்.

---

எடிசன்வாசி

எல்லோருக்கும் நன்றி. இதைத் தெரபிஸ்டிடம் காட்டச் சொல்கிறேன். கடைசியாக ஒன்று: அவருக்கு நாயைவிடப் பூனைதான் பிடிக்குமாம். பூனையும் ஆகுமா?

---

சட்டப்பிரிவு

வீட்டுக்கும் விடுதி அறைக்கும் தாராளமாக. கடிதத்தில் "நாய்" என்று போட்டுவிடாமல் பூனை என்றே எழுதச் சொல்லுங்கள். பின்னால் மாற்றினால் திரும்பவும் கோரிக்கை வைக்க வேண்டியிருக்கும்.

---

கால்நடை_டாக்டர்

படிக்கிற பிள்ளைக்கு நடைப்பயிற்சி இல்லாத வகையில் பூனை இன்னும் நல்லது. வளர்ந்த பூனையாக எடுக்கட்டும். ஒரு பூனைக்கு மணல் தொட்டி இரண்டு வைத்து, தினமும் அள்ளிவிட வேண்டும். வாடகை வீட்டில் கார்ப்பெட் கெடுவது பெரும்பாலும் அழுக்குத் தொட்டியால்தான், அந்தச் சேதத்துக்குத்தான் டெபாசிட்டில் பிடிப்பார்கள்.